எண்ணிக்கை சரிதான், சீட்டில் பெயர் ஏறிய விதம்தான் தவறு

ஆசிரியர் அவர்களுக்கு,

இளம் ஜனநாயக நாடுகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், எங்கள் இந்தோனேசியாவின் 2024 அதிபர் தேர்தலை முன்மாதிரித் தேர்தல் என்று பாராட்டியிருந்தீர்கள். ஒரே நாளில் 20 கோடிப் பேருக்கு வாக்குரிமை, பெரிய கலவரமில்லாத வாக்குப்பதிவு, முதல் சுற்றிலேயே தெளிவான பெரும்பான்மை என்று மூன்று காரணங்களும் சொல்லியிருந்தீர்கள். மேடான் நகரில் பிறந்து வளர்ந்தவன், பிப்ரவரி 14 அன்று வரிசையில் நின்று வாக்களித்தவன் என்ற முறையில் அந்தப் பாராட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர் வாக்குச்சாவடிகளில் நடந்த எண்ணிக்கையை நான் குறை சொல்லவில்லை. நாடு முழுவதும் 8 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள். தெருவோரத்தில் பந்தல் போட்டு, ஆணியால் சீட்டில் துளையிட்டு, விரலை மையில் நனைத்து வாக்களிக்கிறோம். மதியத்துக்கு மேல் அதே பந்தலில் ஒவ்வொரு சீட்டையும் விரித்துத் தூக்கிக் காட்டி, உரக்கப் படித்து, சுவரில் ஒட்டிய தாளில் கோடு போட்டு எண்ணுகிறார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாம் நின்று பார்க்கலாம். இந்த வேலையின் சுமையில் 2019 தேர்தலின்போது நூற்றுக்கணக்கான சாவடி ஊழியர்கள் உயிரையே விட்டார்கள். அவர்களுடைய நேர்மையை நான் மதிக்கிறேன்.

என் புகார், அந்தச் சீட்டில் ஒரு பெயர் ஏறிய விதத்தைப் பற்றியது.

அதிபர், துணை அதிபர் பதவிகளுக்குப் போட்டியிட 40 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம். அன்றைய அதிபர் ஜோக்கோ விடோடோவின் மூத்த மகனும் சுராகார்த்தா நகர மேயருமான கிப்ரான் ரக்காபுமிங் ராக்காவுக்கு அப்போது வயது 36. வேட்புமனுத் தாக்கல் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னர், 2023 அக்டோபர் 16 அன்று, அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. 40 வயது நிறையாவிட்டாலும், மேயர்போலத் தேர்தலில் வென்று பதவி வகிப்பவர் நிற்கலாம் என்றது. அக்டோபர் 25 அன்று கிப்ரான், அதிபர் வேட்பாளர் பிரபோவோ சுபியாந்தோவின் துணை வேட்பாளராக மனுச் செய்தார்.

தீர்ப்பு தந்த அமர்வின் தலைமை நீதிபதி அன்வர் உஸ்மான். அவர் 2022இல் அதிபரின் தங்கையை மணந்தவர். கிப்ரானுக்கு அத்தை கணவர். அன்றைக்கே வேறு மூன்று வயது வரம்பு மனுக்கள் தள்ளுபடியாயின. அவற்றைப் பற்றி நீதிபதிகள் கூடி ஆலோசித்தபோது அன்வர் உஸ்மான் இல்லை. மருமகனுக்கு வழிதிறந்த மனு வந்தபோது இருந்தார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சால்டி இஸ்ராவே இதை வெளிப்படையாகப் பதிவு செய்தார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டம் மாறியது.

நவம்பர் 7 அன்று, ஜிம்லி அஸ்ஸித்திகி தலைமையிலான நெறிமுறைக் குழு அன்வர் உஸ்மானின் செயலைக் கடுமையான விதிமீறல் என்று முடிவுசெய்து தலைமைப் பதவியிலிருந்து இறக்கியது. ஆனால் அவர் நீதிபதியாகத் தொடர்ந்தார், தீர்ப்பும் தொடர்ந்தது. தீர்ப்பை ரத்து செய்யத் தனக்கு அதிகாரமில்லை என்று குழு சொல்லிவிட்டது. தனக்குச் சம்பந்தமுள்ள வழக்கிலிருந்து நீதிபதி விலக வேண்டும், விலகாவிட்டால் தீர்ப்பே செல்லாது என்று 2009ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் சொல்வது ஏட்டோடு நின்றது. தன் விதிமுறையைத் திருத்துவதற்கு முன்பே கிப்ரானின் வேட்புமனுவை ஏற்றதற்காகத் தேர்தல் ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் 2024 பிப்ரவரி 5 அன்று தேர்தல் நெறிமுறை அமைப்பின் கண்டனம் வந்தது. அப்போதும் சீட்டில் எதுவும் மாறவில்லை. குற்றம் நடந்தது என்று இரண்டு அமைப்புகள் சொல்லியும் குற்றத்தின் பலன் கைமாறவில்லை என்றால், அதை எந்த நாட்டுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது?

அரசு இயந்திரத்தையும் சொல்ல வேண்டும். அதிபர் ஒரு பக்கம் சாயலாம், பிரசாரமும் செய்யலாம் என்று ஜனவரியில் ஜோக்கோ விடோடோவே பேசினார். சுமார் 2 கோடியே 20 லட்சம் குடும்பங்களுக்கு மாதம் 10 கிலோ அரிசி தேர்தல் காலத்திலும் வழங்கப்பட்டது. ஏழைக்கு அரிசி கிடைப்பதை நான் எதிர்க்கவில்லை. மகன் வேட்பாளராக நிற்கும்போது தந்தையின் அரசு கொடுக்கும் அரிசியைச் சந்தேகிக்கிறேன். தேர்தல் முடிவை எதிர்த்த வழக்குகளில் நான்கு அமைச்சர்களை அரசியல் சாசன நீதிமன்றம் அழைத்து விசாரித்தது. ஏப்ரல் 22 அன்று வழக்குகள் தள்ளுபடியானபோதும், எட்டு நீதிபதிகளில் மூன்று பேர் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினர்.

"58.59 சதவீத மக்கள் பிரபோவோ-கிப்ரான் ஜோடிக்கு வாக்களித்துவிட்டார்கள், பிறகென்ன?" என்று கேட்பார்கள். சீட்டில் இருந்த மூன்று ஜோடிகளில் யாரைப் பிடிக்கும் என்ற கேள்விக்கு மக்கள் தந்த பதில் அது. விதியை மாற்றலாமா என்று எங்களை யாரும் கேட்கவில்லை. வேறு துணை வேட்பாளரோடு நின்றிருந்தாலும் பிரபோவோ வென்றிருப்பார் என்பவர்கள் உண்டு. அப்படியென்றால் தேவையே இல்லாமல் ஒரு நீதிமன்றத்தின் மானத்தை வாங்கினார்கள் என்றாகிறது.

வெளியூர் வாசகர்களுக்கு இது சிறிய விஷயமாகப் படலாம். எங்களுக்கு அப்படியல்ல. 32 ஆண்டு ஆண்ட சுகார்த்தோவை 1998 மே மாதம் இறக்கியபோது, திரிசக்தி பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். எங்கள் மேடானிலும் கடைகள் எரிந்திருந்தன. அன்றைய முழக்கம் மூன்றை ஒழிக்கச் சொன்னது: ஊழல், கூட்டுக்களவு, சொந்தக்காரருக்குச் சலுகை. அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் 2003இல் அரசியல் சாசன நீதிமன்றம் வந்தது. 2004இல் அதிபரை நாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. இருபதே ஆண்டில் அந்த நீதிமன்றமே அதிபர் குடும்பத்துக்கு வழிவிட்டது. ஜோக்கோ விடோடோவின் மருமகன் பாபி நசுத்தியோன்தான் 2021 முதல் 2025 வரை எங்கள் மேயராக இருந்தார்; 2024 நவம்பரில் வட சுமாத்திராவின் ஆளுநர் தேர்தலிலும் வென்றார். வாக்குகள் பெற்றுத்தான் வந்தார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே குடும்பத்தின் பெயர் இத்தனை பதவிகளில் வரும்போது 1998இன் முழக்கம் நினைவுக்கு வராமல் போகாது.

நம்பிக்கை அடியோடு போய்விடவில்லை. 2024 ஆகஸ்டில் உள்ளாட்சித் தலைவர் தேர்தலின் வயது வரம்பை, அன்றைய அதிபரின் இளைய மகனுக்குச் சாதகமாகும் வகையில் நாடாளுமன்றம் அவசரமாகத் திருத்தப் பார்த்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்; திருத்தம் கைவிடப்பட்டது. கட்சிகளுக்கு நாடாளுமன்றத்தில் 20 சதவீத இடமோ தேசிய அளவில் 25 சதவீத வாக்கோ இருந்தால்தான் அதிபர் வேட்பாளரை நிறுத்தலாம் என்ற வரம்பை 2025 ஜனவரி 2 அன்று அரசியல் சாசன நீதிமன்றமே நீக்கியது. ஆகவே 2029 தேர்தலுக்கு முன் தேர்தல் சட்டத்தைத் திருத்தியே ஆக வேண்டும். அப்போது மூன்று விதிகளைச் சேர்க்க வேண்டும். தேர்தல் ஆண்டில் மாறும் தகுதி விதி அடுத்த தேர்தலுக்கே பொருந்த வேண்டும். உறவினருக்குப் பலன் தரும் வழக்கில் அமர்ந்த நீதிபதியின் தீர்ப்பை மறுவிசாரணைக்கு அனுப்ப வழி வேண்டும். பதவியிலுள்ள அதிபரின் பிள்ளையோ மருமகனோ அந்தப் பதவிக்காலம் முடியும்வரை தேசியத் தேர்தலில் நிற்கக் கூடாது.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எங்கள் தேர்தலைப் பற்றி எழுதும்போது, எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதோடு, விதியை யார், எப்போது, யாருக்காக மாற்றினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வரிசை நீளமாக இருந்தது என்பதற்காக மட்டும் எங்களைப் பாராட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மேடான், வட சுமாத்திரா