ஊசியின் அளவா, இடைவெளியா?

எங்க வீட்டு காலண்டர்ல கொஞ்ச நாள் மூணு கலர் இருந்துச்சு. ஊசி போட்ட முதல் வாரம் சிவப்பு, ரெண்டாவது வாரம் பச்சை, மூணாவது கறுப்பு. கலர் அடிச்சது தங்கமணி. சிவப்பு வாரத்துல ஐயா தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுவார், தூக்கம் வராது, நெத்தி பூரா பரு. பச்சையில நல்ல மனுஷன். கறுப்பு வாரம் ஆபீஸ் விட்டு வந்து சோபாவுல சாஞ்சா, சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுந்திருப்பார்.

பிட்யூட்டரி சுரப்பியில இருந்த கட்டியை எடுத்த பிறகு எனக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு படுத்துடுச்சு. மூணு வாரத்துக்கு ஒரு தடவை 250 மில்லிகிராம் எனந்தேட் ஊசின்னு எழுதிக் கொடுத்தாங்க. கறுப்பு வாரத்தைப் பத்திப் புலம்பினப்போ, "டோஸ் பத்தலை, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு போட்டுக்குங்க"ன்னு பதில் வந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டா, வாரத்துக்கு 83 மில்லிகிராம் 125 ஆகுது. ஒண்ணரை மடங்கு! கறுப்பு வாரம் போயிடும் சரி, சிவப்பு வாரம்?

என் கட்சி இதுதான்: ஆரம்பத்துல வர்ற பாதிப் பிரச்சினைக்குக் காரணம் அளவு இல்லை, இடைவெளி. எனந்தேட் உடம்புல பாதியாக் குறைய ஏறத்தாழ நாலரை நாள் ஆகும். அப்படின்னா 21 நாள்ல மிஞ்சறது நூத்துக்கு நாலு. அதே மருந்தை வாராவாரம் போட்டா, அடுத்த ஊசி நாள்ல மூணுல ஒரு பங்கு இன்னும் உள்ள இருக்கும். மொத்த மருந்து அதேதான், மேடும் பள்ளமும்தான் குறையுது. அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2018ல வெளியிட்ட வழிகாட்டியிலயும் வாரம் 75-100, இல்லைன்னா ரெண்டு வாரத்துக்கு 150-200ன்னுதான் இருக்கு.

அப்புறம் ஏன் இந்த 250? எனக்குத் தோணுறது, ஆம்பூல்! ஒரு மில்லி கண்ணாடிக் குப்பியில 250 வருது. உடைச்சா மிச்சத்தை வெச்சுக்க முடியாது. அதனால முழுசா ஏத்திடறது வழக்கமாயிடுச்சு. அமெரிக்காவுல சிப்பியோனேட் ரப்பர் மூடி போட்ட 10 மில்லி பாட்டில்லயும் கிடைக்குது, வேணுங்கற அளவு உறிஞ்சிக்கலாம். நம்ம டோஸை கண்ணாடிக் குப்பி முடிவு பண்ணுதுங்கறதுதான் என் ஆத்திரம்.

வேற டாக்டர்கிட்ட காலண்டரையே தூக்கிட்டுப் போனேன். சிரிச்சார். ஆனா கேட்டுக்கிட்டார். இப்போ வாரம் 0.3 மில்லி, அதாவது 75. மிச்சம் குப்பைக்குப் போகுது. வயிறு எரியத்தான் செய்யுது.

இன்னொரு கோஷ்டி இருக்கு, ஜிம் தம்பிங்க. இன்னிக்கு 100, அடுத்த வாரம் 150, அதுக்கடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள்னு மாத்திக்கிட்டே இருப்பாங்க. ரத்தத்துல மருந்து நிலைக்கு வரவே எனந்தேட்டுக்கு மூணு வாரத்துக்கு மேல, சிப்பியோனேட்டுக்கு அதைவிடக் கூடவே ஆகும். அதுக்குள்ள மாத்தினா எதனால என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்? அளவையும் இடைவெளியையும் ஒரே நேரத்துல மாத்தினா சுத்தமா குழப்பம். எனக்கு ஆறு வாரம் எதையும் தொடக்கூடாதுன்னு உத்தரவு. அப்புறம் ரெண்டு ஊசிக்கு நடுவுல ரத்தப் பரிசோதனை. ஊசி போட்ட மறுநாள் எடுத்துட்டு "ஆஹா 1200"ன்னு குதிக்கறதுல அர்த்தமே இல்லை. கூடவே ஹீமடோக்ரிட்டும் பாக்கணும். 54 சதவீதத்தைத் தாண்டினா ரத்தம் கெட்டியாயிடுச்சுன்னு ஊசியையே நிறுத்தச் சொல்வாங்க.

எனக்கு முதல்ல யாருமே கேக்காத கேள்வி: "குழந்தை வேணுமா?" எங்களுக்கு ரெண்டு ஆயாச்சு, பிழைச்சேன். வெளியில இருந்து டெஸ்டோஸ்டிரோன் போனா விந்தணு உற்பத்தி படுத்துக்கும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் எனந்தேட்டை ஆண்களுக்கான கருத்தடையாவே சோதிச்சு 1990ல முடிவை வெளியிட்டிருக்கு. கல்யாணத்துக்கு நிக்கற பசங்க இதை ரெண்டு தடவை படிங்கப்பா.

இப்போ காலண்டர்ல கலர் இல்லை. போன வாரம் திடீர்னு ஒரு சிவப்பு வட்டத்தைப் பாத்து பதறிட்டேன். கேஸ் சிலிண்டர் வந்த தேதியாம் :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. 0.3 மில்லி எனக்கு எழுதினது, உங்களுக்கு இல்லை.