டென்னிஸ் கிளப்பில் கிடைத்த இடம்

"படிச்சு மேல வந்துட்டா இப்ப யார் சார் இதெல்லாம் பாக்குறாங்க?" வங்கியில் என் பக்கத்து சீட்டுக்காரர் மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். அவருக்கு ரால்ஃப் பஞ்ச் யாரென்று தெரியாது. நம்மாட்களிலும் பலருக்குத் தெரியாது.

டெட்ராயிட்டில் பிறந்த கறுப்பர். தாயை இழந்து பாட்டி கையில் வளர்ந்தவர். 1934இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். 1948 செப்டம்பரில் அய்.நா. சமரசத் தூதர் பெர்னடாட் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட, அந்தப் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. ரோட்ஸ் தீவில் பேச்சைத் தொடங்கி, 1949க்குள் இஸ்ரேலுக்கும் நான்கு அரபு நாடுகளுக்கும் இடையே போர்நிறுத்த ஒப்பந்தங்களை முடித்துக் கொடுத்தார். 1950இல் அமைதிக்கான நோபல். கறுப்பர் ஒருவர் நோபல் வாங்கியது அதுதான் முதல்முறை.

இதற்குமேல் என்னய்யா 'மேலே' வருவது?

ட்ரூமன் அரசு வெளியுறவுத் துறையில் உதவிச் செயலாளர் பதவி தருகிறேன் என்றது. வேண்டாமென்றார். தலைநகர் வாஷிங்டனிலேயே கறுப்பருக்குத் தனி இடம், தனிப் பள்ளி. அங்கே மறுபடி குடும்பத்தோடு போய் வாழ அவருக்கு மனமில்லை.

1959இல் நியூயார்க்கில், ஃபாரஸ்ட் ஹில்சிலுள்ள பேர்பெற்ற டென்னிஸ் கிளப்பில் மகனைச் சேர்க்க விசாரித்தார். கறுப்பரையும் யூதரையும் சேர்ப்பதில்லை என்று கிளப் தலைவரே சொல்லிவிட்டார். நோபல் பரிசெல்லாம் வாசலோடு சரி. விஷயம் பத்திரிகைகளில் நாறியது. தலைவர் பதவி விலக, கிளப் இறங்கி வந்து இடம் தருகிறோம் என்றது. பஞ்ச் ஏற்கவில்லை. மிசிசிப்பியின் கடைக்கோடிக் கறுப்பனுக்கு இழிவு தீராதவரை எந்தக் கறுப்பனுக்கும் தீராது என்பது அவர் நிலை. நோபலைவிட இந்த மறுப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

1960களில் போராளிக் கறுப்பர்கள் சிலர் அவரை வெள்ளையனுக்கு வேண்டியவர் என்று ஏசினார்கள். சும்மா தள்ளிவிட முடியாது. நாற்காலி குரலைத் தணிக்கும். மாதச் சம்பளம் வாங்கும் எனக்கும் தெரியும். ஆனால் 1965இல், உடம்பு கெட்டிருந்த நிலையிலும், செல்மாவிலிருந்து கிளம்பிய ஊர்வலத்தில் மார்ட்டின் லூதர் கிங்கோடு முன்வரிசையில் நடந்தவரும் அவர்தான்.

இதையெல்லாம் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான் கடைசியில இடம் குடுத்துட்டாங்கள்ல சார்" என்றார்.