சாரலும் கல்லும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில், ஊரை அடைவதற்குச் சுமார் எட்டு கிலோமீட்டர் முன்னதாக வெள்ளி நீர்வீழ்ச்சி இருக்கிறது. குடும்பத்தோடு சென்றவர்கள் அங்கே வண்டியை நிறுத்தாமல் வந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலமாயிருந்தால், பிள்ளைகளோடு அந்தச் சாரலுக்கு முகத்தைக் காட்டி நின்றிருப்பீர்கள்.

ஏறத்தாழ 55 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் அது. தடுப்பது ஏதுமில்லையெனில், கீழே வருகையில் மணிக்கு 118 கிலோமீட்டர் வேகம் பெற்றிருக்கும். அந்த வேகத்தில் துளிகள் கன்னத்தில் அறைந்தால் யார் நிற்பார்? ஆயினும் சாரல் பூவாய்த்தான் விழுகிறது. காரணம், காற்று.

விழும் பொருளின் வேகம் இருமடங்கானால், காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. ஒரு கட்டத்தில் அந்த எதிர்ப்பு பொருளின் எடைக்குச் சமமாகிவிடும். அதன்பின் வேகம் கூடாது. இதனையே நம் பிள்ளைகளின் பாடநூல் 'முற்றுத் திசைவேகம்' என்கிறது. பெரிய மழைத்துளிக்கு அது மணிக்கு 32 கிலோமீட்டர் அளவே. இரண்டு கிலோமீட்டர் உயர மேகத்திலிருந்து தடையின்றி விழுமானால் 700 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும்; வயலில் ஒரு கதிர் மிஞ்சாது. கோக்கர்ஸ் வாக்கில் நம்மைச் சூழும் மூடுபனித் துளிகளோ நொடிக்கு ஓரிரு சென்டிமீட்டரே இறங்குகின்றன. பள்ளத்தாக்கிலிருந்து எழும் இளங்காற்றே அவற்றைத் தூக்கிச் சென்றுவிடும்.

1037இல் மறைந்த பேரறிஞர் இப்னு சீனா, எறியப்பட்ட பொருளின் இயக்கம் தேய்வதற்குக் காற்று போன்ற புறத்தடையே காரணம், வெற்றிடத்தில் அது ஓயாது என்று வாதிட்டவர். (வெற்றிடமே இருக்க முடியாது என்பதற்கு அவர் இதையே சான்றாக்கினார் என்பது வேறு செய்தி!) 1971இல், காற்றில்லா நிலவில் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒருசேர நழுவவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன.

ஆனால், துளிக்குக் காட்டும் தயவைக் காற்று எல்லாவற்றுக்கும் காட்டுவதில்லை. ஒரு பொருளின் குறுக்களவு இருமடங்கானால் எடை எட்டு மடங்காகிறது; காற்றை எதிர்கொள்ளும் பரப்போ நான்கு மடங்கே. ஆகவே பெரிய பொருளைக் காற்றால் எளிதில் அடக்க இயலாது. கொடைக்கானலின் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மனிதர் முப்பது மீட்டர் தவறி விழுந்தாலே வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைக் கடந்துவிடும். தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்று படமெடுக்கும் இளைஞர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கல்லின் கதையும் இதுவே. டால்பின் நோஸ் பாறையில் பிள்ளைகள் கல்லெறிந்து, விழும் ஓசைக்காகச் செவி சாய்ப்பதுண்டு. வாப்பாவும் உம்மாவும் சிரித்தபடி பார்த்திருப்பார்கள். முந்நூறு கிராம் கல்லொன்று நூறு மீட்டர் விழுந்தால், அதன் வேகம் மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். காற்றே இல்லாவிடினும் 160தான்! வெள்ளகெவிக்கு இறங்கும் பாதை அவ்வழியாகத்தான் செல்கிறது. தலைச்சுமையோடும் பொதி சுமக்கும் குதிரைகளோடும் அம்மக்கள் காலங்காலமாக நடந்த வழி அது. கையை விட்ட கல் அந்த நூறு மீட்டரைக் கடக்க ஐந்து நொடிகூட ஆவதில்லை. தலையில் மூட்டையோடு வருபவர் அண்ணாந்து பார்க்கவும் வழியில்லை.