வாரக் கூட்டமும் திறப்பு விழாவும்

ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இலக்கிய வாசகர்களின் உதட்டில் ஒரு புன்முறுவல் தோன்றுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தலைவரின் கழுத்தில் தொங்கும் பதக்கம், மேசைமேல் வெண்கல மணி, ஆங்கில வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, முடிவில் விருந்து. நகைப்புக்கு வேண்டிய பொருள் யாவும் அங்கே தயாராக இருக்கிறது. நடுத்தர வர்க்கத்தின் போலிப் பெருமிதம் என்று ஒரே தொடரில் தீர்ப்பளித்துவிட்டு நாம் அடுத்த நாவலுக்குப் போய்விடுகிறோம். ஆனால் பள்ளிக்கு மேசை நாற்காலி கொடுத்தார்கள், கண் சிகிச்சை முகாம் நடத்தினார்கள் என்ற செய்தி நாளிதழில் வந்தால், 'இதையாவது செய்கிறார்களே' என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறோம்.

இவ்விரண்டு தீர்ப்புகளையும் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் வாதம். நாம் நகைக்கும் வாரக் கூட்டம்தான் அச்சங்கங்களின் சிறந்த கண்டுபிடிப்பு. நாம் பெருந்தன்மையோடு பாராட்டும் 'திட்டங்கள்'தாம் அவற்றின் நோய். நான் எந்தச் சேவைச் சங்கத்திலும் உறுப்பினன் அல்லன். சிதம்பரத்தில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் விருந்தினர் நாற்காலியில் சிலமுறை அமர்ந்தவன், அவ்வளவே.

முதலில் வரலாறு. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் நால்வர் ஓர் அலுவலக அறையில் கூடினர். பால் ஹாரிஸ் வழக்கறிஞர். மற்ற மூவரில் ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்காரர். பெருநகரத்தின் தனிமையில், வெவ்வேறு தொழில் செய்வோர் தமக்குள் நட்புப் பூண வேண்டும் என்பதே நோக்கம். ஒருவருக்கொருவர் வணிகத்தில் உதவிக்கொள்வதும் அதில் அடங்கும். கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் உறுப்பினரின் அலுவலகத்துக்குச் சுழன்று சென்றதால் ரோட்டரி என்ற பெயர் வந்தது. அதாவது, பெயரே கூட்டத்தைக் குறிக்கிறது, சேவையைக் குறிக்கவில்லை. சேவை பின்னால் வந்தது, அதுவும் கூடிப் பேசியதன் விளைவாக வந்தது. 1907-இல் அவர்கள் கையிலெடுத்த முதற் பெரும்பணி என்ன தெரியுமா? சிகாகோ நகரில் பொதுக் கழிப்பறை. சாராயக் கடையில் ஆண்களுக்கும், பெரிய அங்காடிகளில் பெண்களுக்கும் வசதி இருக்கிறதே என்று வணிகர்கள் எதிர்த்தனர். அவ்வசதிக்குப் பொருள் வாங்கும் கட்டாயம் ஒரு விலையாக இருந்ததை ஹாரிஸ் சுட்டிக்காட்டினார். புதிதாகப் பிறந்த ஒரு சிறு குழு, ஊர் வணிகர்களின் முகம் சுளிக்க, நகராட்சியின் வாயிலில் நின்று கழிப்பறை கேட்டது. பதக்கம் அணிந்த தலைவர்கள் இக்கதையை அடிக்கடி நினைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தையற்காரர் இப்போது எங்கே என்பது என் முதற் கேள்வி. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்பது ரோட்டரியின் பழைய விதி. ஊரிலுள்ள எல்லாத் தொழில்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர வேண்டும் என்ற அழகிய எண்ணம் அதில் இருந்தது. நம் ஊர்களில் அந்த மேசையைச் சுற்றி மருத்துவர், வழக்கறிஞர், நகைக்கடைக்காரர், தாளாளர், ஒப்பந்தக்காரர் அமர்கின்றனர். தையற்காரரும் மின்பணியாளரும் செவிலியரும் ஆட்டோ ஓட்டுநரும் பயனாளிகளாக மேடையேறி, தையல் இயந்திரமோ சான்றிதழோ பெற்றுக்கொண்டு, புகைப்படத்துக்கு நின்றுவிட்டு இறங்குகின்றனர். சந்தாவும் ஓட்டல் உணவுச் செலவும் ஆங்கிலமும் சேர்ந்து ஒரு வேலியாகிவிட்டன. இவ்வேலிகளை உடைப்பது இயலாத காரியமன்று. பெண்களை உறுப்பினராக ஏற்க ரோட்டரிக்கு எண்பத்து நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிற்றூரின் சங்கம் பெண்களைச் சேர்த்ததற்காக நீக்கப்பட்டு, வழக்கு 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1989-இல்தான் உலகளாவிய விதி மாறியது. ஒரு சிற்றூர்ச் சங்கத்தின் பிடிவாதம் விதியை மாற்றியது என்பது இதிலுள்ள பாடம்.

இனி வாரக் கூட்டம். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் கூட வேண்டும். வரத் தவறியவர் வேறு ஊர்ச் சங்கத்தின் கூட்டத்துக்குச் சென்று வருகையை ஈடுசெய்யலாம். தொடர்ந்து வாராதவர் உறுப்பினர் தகுதியை இழப்பார் என்று நெடுங்காலம் விதி இருந்தது. இதைக் கேட்டு நகைப்பவர்கள், தம் ஊர் இலக்கிய அமைப்பு தொடர்ந்து நான்கு வாரம் கூடியதுண்டா என்று எண்ணிப் பார்க்கட்டும். நாம் நூல் வெளியீட்டுக்குக் கூடுவோம், இரங்கல் கூட்டத்துக்குக் கூடுவோம், பிரிவதற்கு முன்னர்ச் சண்டையிடக் கூடுவோம். விசேடம் ஏதுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் கூட மாட்டோம். தமிழில் இதற்கு மாறான முன்னுதாரணம் இல்லாமலில்லை. திருநெல்வேலியில் டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூடிக் கம்பனைப் பேசியதை இன்றும் நினைவுகூர்கிறோம். கட்டடமும் நிதியுமின்றி அது நம் வாசிப்பு மரபில் ஓரிடம் பெற்றதற்குக் காரணம், மீண்டும் மீண்டும் கூடியதுதான். சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 முதல் 119 இதழ்கள் வந்தது. முதல் இதழை மட்டும் கொண்டுவந்து நின்றுபோன பத்திரிகைகள் எத்தனை என்பதைச் சிற்றிதழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொடர்ச்சியின் மதிப்பை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? அதையே ஊர் வணிகர் கடைப்பிடித்தால் மட்டும் ஏன் நகைக்கிறோம்?

நகைக்க வேண்டிய இடம் வேறு. ஆண்டுதோறும் ஜூலை முதல் நாள் புதிய தலைவர் பொறுப்பேற்கிறார். அடுத்த ஜூன் முப்பதில் அவர் காலம் முடிகிறது. இப்பன்னிரண்டு மாதங்களுக்குள் தம் பெயரால் ஏதேனும் திறக்கப்பட வேண்டும் என்ற பதற்றம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. குடிநீர்த் தொட்டி, பேருந்து நிழற்குடை, சிமெண்டு இருக்கை, பள்ளிக் கழிப்பறை, மரக்கன்று. கல்வெட்டில் தலைவர், செயலாளர், பொருளாளர், திறந்துவைத்த பெருமகனார் ஆகியோரின் பெயர்கள். அடுத்த ஜூலையில் வருபவருக்குப் பழைய தொட்டியின் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்வதால் பெயர் கிடைப்பதில்லை. அவருக்கு அவருடைய தொட்டி வேண்டும். தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் அரை மணி நேரம் நடந்தால், நீர் வாராத குழாயின் மேல் நன்றாகப் படிக்கும் நிலையிலுள்ள கல்வெட்டு ஒன்றைக் காணலாம். தண்ணீரைவிடக் கல்வெட்டு நீடிக்கும் சேவையை என்னவென்று சொல்வது?

ஓராண்டுப் பதவிதான் குற்றவாளி என்று சிலர் சொல்வர். அது முழு உண்மையன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை இங்கே நினைக்கலாம். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி ஏரி வாரியத்தாரும் தோட்ட வாரியத்தாரும் குடவோலையால் தேர்வாகி, அவர்களும் ஓராண்டே பொறுப்பிலிருந்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர் ஆயினர். அது நிலமுடைய பிராமணர்களின் சபை; அதை மக்களாட்சியின் பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை. நம் விவாதத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: ஆள் ஆண்டுதோறும் மாறினார், ஏரி மாறவில்லை. வந்தவர் எவராயினும் அதே ஏரியைத் தூர்வாரி, அதே கரையைக் காத்து, கணக்குக் காட்டிவிட்டுப் போனார். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஓர் ஏரி வெட்டித் தம் பெயரிட அவர்கள் முனைந்திருந்தால் உத்திரமேரூரில் குழிகள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இது எங்கள் பகுதிக்கும் புதிய செய்தியன்று. 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. அச்சாலையின் பெருமை திறப்பு நாளில் இல்லை. மறுநாளும் அதன் மறுநாளும் யாரோ ஒருவர் விறகு வைத்ததில் இருக்கிறது. திருக்குறளில் ஈகைக்கு முந்திய அதிகாரமாக ஒப்புரவறிதல் நிற்பதையும் கவனிக்கலாம். ஊருணியையும் ஊர் நடுவே பழுத்த மரத்தையும் மருந்து மரத்தையும் அங்கே வள்ளுவர் உவமையாக்குகிறார். மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்து, வந்தவர்க்கெல்லாம் பயன் தருபவை. எதற்கும் திறப்பு விழா கிடையாது.

சேவைச் சங்கங்களின் சொந்த வரலாறும் இதையே சொல்கிறது. ரோட்டரியின் பெருஞ்சாதனை எதுவென்று கேட்டால் எவரும் இளம்பிள்ளைவாதத் தடுப்பு என்பர். 1985-இல் அதற்கான திட்டத்தை அறிவித்தார்கள். 1988-இல் உலக நலவாழ்வு அமைப்பு முதலியவற்றோடு சேர்ந்து ஒழிப்பு முயற்சி தொடங்கியபோது உலகில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். இந்தியாவில் 1995 முதல் சொட்டு மருந்து நாள்கள் நடந்தன. 2009-இலும் இங்கே 741 பேருக்கு நோய் கண்டது. அப்போதே 'வேறு திட்டம் பார்ப்போம்' என்று கைவிட்டிருக்கலாம், விடவில்லை. கடைசி நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று இந்தியா இருந்த தென்கிழக்காசிய வட்டாரம் நோயற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. வீடு வீடாக ஏறி இறங்கிய அரசு ஊழியர்களுக்கும் அங்கன்வாடிப் பெண்களுக்குமே முதற் பெருமை உரியது. அதை எந்தச் சங்கமும் அபகரிக்க வேண்டாம். ஆயினும் 1985-க்கும் 2014-க்கும் இடையே இருபத்தொன்பது தலைவர்கள் வந்து போனார்கள், பணி ஒன்றாகவே இருந்தது என்பது மறுக்க இயலாதது. தலைமையகத்தில் கைக்கொண்ட இப்பொறுமை ஊர்க் கிளைகளுக்கு ஏன் வரவில்லை?

கண் சிகிச்சை முகாம்களும் இவ்வாறே. 1925-இல் லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பார்வையற்றோருக்காக விடுத்த வேண்டுகோளிலிருந்து அச்சங்கத்தின் கண்பணி வளர்ந்தது. தமிழகத்தில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்ச் சங்கங்களின் துணையோடு முகாம்களை ஓர் ஒழுங்காக்கியது. இடமும் விளம்பரமும் ஊர்க்காரர் பொறுப்பு. பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. அறுவைக்குப் பின் மீண்டும் பார்வையிடல் உண்டு. அந்த 'மீண்டும்' என்ற சொல்லில்தான் முகாமின் அறம் இருக்கிறது. மீண்டும் வாராத முகாம் வெறும் கூட்டம்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையோரத்தை அழித்தபின் உதவி வெள்ளம்போல் வந்தது. மீனவர்கள் கேட்காத பழந்துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. 2011-இல் தானே புயல், 2015-இல் பெருமழை வெள்ளம் என்று இம்மாவட்டம் அடிக்கடி அடிபடுகிறது. அடுத்ததும் வரும். எந்தத் தெருவில் முதியவர் தனித்திருக்கிறார், எந்த வடிகால் அடைபட்டிருக்கிறது, எந்தப் பள்ளியின் மாடி தங்குவதற்குத் தகுதியானது என்பதை அன்று தெரிந்துவைத்திருப்பவர் யார்? வாரந்தோறும் கூடி, சென்ற வாரம் பேசியதை இந்த வாரம் கேட்கும் ஒரு குழுவுக்கே அது இயலும். பணம் திரட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து வருபவருக்கு இயலாது.

ஆகவே என் பரிந்துரைகள் எளியவை. ஒவ்வொரு வாரக் கூட்டத்திலும், வரவேற்புரைக்கு முன், பழைய பணி ஒன்றின் இன்றைய நிலையை ஒருவர் நேரில் பார்த்துவந்து சொல்லட்டும். நீர் வருகிறதா, கன்று மரமாயிற்றா, கழிப்பறைக்குப் பூட்டு யார் கையில் என்பவை மட்டும் போதும். முன்னைய ஐந்தாண்டுப் பணிகள் சீராக இருக்கும்வரை புதிய கல்வெட்டு வேண்டாம். கூட்டம் தமிழில் நடக்கட்டும். மாதம் ஒருமுறையேனும் ஓட்டலை விட்டு ஏதேனும் ஒரு பள்ளி வகுப்பறையில் நடக்கட்டும். சுழல்வதுதானே பெயரின் பொருள்? சந்தாவைத் தையற்காரர் கட்டக்கூடிய அளவுக்குக் குறைக்கட்டும். 2016-இல் ரோட்டரி தன் விதியைத் தளர்த்தி, மாதம் இருமுறை கூடினாலும் போதும் என்றது. உறுப்பினர் குறைவதால் எடுத்த முடிவு என்பது புரிகிறது. கூட்டத்தைக் குறைத்துத் திறப்பு விழாக்களை வைத்துக்கொள்வது, வேரை வெட்டிப் பூவுக்கு நீர் ஊற்றுவதாகும்.

இலக்கிய நண்பர்களுக்கும் ஒரு சொல். பேச அழைத்தால் போங்கள். மறுநாள் தேநீர்க் கடையில் நகைப்பதற்காகப் போகாதீர்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரத்தில் குவியும் பெண்கள் கழிப்பறை தேடி எங்கே போகிறார்கள் என்று அந்த மேசையின் முன் நின்று கேளுங்கள். சிகாகோவில் 1907-இல் கேட்ட கேள்விதான் அது. கட்டித் திறந்துவிடுவது ஒருநாள் வேலை. நாளை காலை அதைக் கழுவுபவர் யார், அவருக்குக் கூலி யார் தருவது என்று அடுத்த வாரமும் போய்க் கேளுங்கள்.