பையன்களை வளர்ப்பவரிடம் கோப்பை கேட்காதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் எந்தத் தனி ஆளின் மேலும் அல்ல.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரே சண்டை. இங்கிலாந்துக் கிளப் ஒன்று தன் இளையோர் அணிக்குப் புதிய பயிற்சியாளரை நியமித்திருக்கிறதாம். "யாருடா இந்த ஆளு?", "எத்தனை கப் அடிச்சிருக்கான்?", "காசு மிச்சம் பிடிக்கிறாங்க" என்று ஒரு கூட்டம். "நம்ம கிளப்புக்கு ஆடினவர், அது போதும்" என்று இன்னொரு கூட்டம். கிளப்பின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். எந்தக் கிளப்பானாலும் பேச்சு இதேதான்.

இரண்டு கூட்டமும் தப்பான கேள்வியைக் கேட்கிறது என்பதுதான் என் கட்சி. முடிந்துபோன ஒரு கதையை வைத்துச் சொல்கிறேன்.

2022 ஜூலையில் ஆர்சனல் கிளப் தன் 18 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஜாக் வில்ஷேரைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. அப்போது அவருக்கு வயது 30. ஆட்டத்திலிருந்து ஓய்வு அறிவித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஒன்பது வயதில் அந்தக் கிளப்பின் பயிற்சிப் பள்ளிக்கு வந்தவர், 16 வயதில் பெரியவர்கள் அணியில் ஆடியவர், 19 வயதில் பார்சிலோனாவுக்கு எதிராக நடுக்களத்தை ஆண்டவர். அதன்பின் காயம் மேல் காயம். ரசிகர்களில் பாதிப் பேர் பாசத்தில் கைதட்டினார்கள். மீதிப் பேர், பயிற்சியாளராக இவருக்கு என்ன அனுபவம் என்று கேட்டார்கள்.

அடுத்த ஏப்ரலில் அவருடைய பையன்கள் எஃப்.ஏ. யூத் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போனார்கள். சொந்த மைதானத்தில் வெஸ்ட் ஹாமிடம் 1-5 என்று தோற்றார்கள். கோப்பைக் கணக்கில் பார்த்தால் வில்ஷேருக்கு முட்டை மதிப்பெண்தான்.

ஆனால் அந்த அணியில் 16 வயதில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவன் ஈத்தன் ந்வானேரி, இன்னொருவன் மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லி. 2025 பிப்ரவரி 2ஆம் தேதி ஆர்சனல் மான்செஸ்டர் சிட்டியை 5-1 என்று வென்றதே, நீங்கள் எல்லாரும் குழுவில் பட்டாசு வெடித்தீர்களே, அந்த ஐந்து கோலில் இரண்டு இவர்கள் இருவரும் அடித்தது. அடுத்த மாதமே லூயிஸ்-ஸ்கெல்லி இங்கிலாந்துக்கு முதல் ஆட்டம் ஆடி, அதிலும் ஒரு கோல் போட்டான்.

இப்போது சொல்லுங்கள். 2023இல் அந்த இறுதிப் போட்டியை யார் வென்றார்கள் என்று உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

எல்லாப் புகழும் வில்ஷேருக்கே என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையன்கள் சின்ன வயதிலிருந்தே ஹேல் எண்ட் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர்கள். எட்டு வயதில் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர், பன்னிரண்டு வயதில் தலை நிமிர்ந்து ஆடச் சொன்னவர் இன்னொருவர். அவர்கள் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு பையன் உருவாவது அப்படித்தான்: பல கை மாறி வருகிறான், கடைசிக் கைக்கு மட்டும் மாலை விழுகிறது.

இளையோர் பயிற்சியாளரின் வேலை ஜெயிப்பது அல்ல, அனுப்பி வைப்பது. ஜெயிக்க மட்டும் நினைத்தால் வழி சுலபம். வயதுக்கு மீறி வளர்ந்த நாலு பையன்களை நிறுத்தி, பந்தை நெடுக உதைத்துவிட்டு ஓடச் சொன்னால் 15 வயதில் கோப்பை வந்துவிடும். 20 வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள், அப்போது இவர்களிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. நல்ல பயிற்சியாளர், தோற்றாலும் பரவாயில்லை என்று குள்ளப் பையனை நடுவில் ஆட வைப்பார். இடது கால் பையனை வலப்பக்கம் மாற்றிப் பார்ப்பார். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் "ஒண்ணும் தெரியாதவன்" என்று எழுதுகிறீர்கள்.

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. எரிக் ஹாரிசன் 1981இல் அங்கே இளையோர் அணிக்கு வந்தார். அவருடைய அணி யூத் கோப்பையை வென்றது 1992இல்தான். பதினோரு வருடம்! இன்றைய சமூக ஊடகக் காலமாக இருந்தால் இரண்டாம் வருடமே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள். பெக்காம், ஸ்கோல்ஸ், நெவில் சகோதரர்கள், பட் எல்லாரும் அவர் கையில் வளர்ந்தவர்கள். 1995 ஆகஸ்டில் அந்தப் பையன்கள் ஆஸ்டன் வில்லாவிடம் 1-3 என்று தோற்றபோது, பொடியன்களை வைத்து எதையும் ஜெயிக்க முடியாது என்று தொலைக்காட்சியில் ஆலன் ஹான்சன் சொன்னார். அதே சீசனில் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் யுனைடெட்டுக்குத்தான்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ப்ரீமியர் லீக் நிதி விதிகளின்படி, கிளப் தானே வளர்த்த பையனை விற்றால் வருகிற தொகை ஏறக்குறைய முழுவதும் லாபக் கணக்கில் ஏறும். விலைக்கு வாங்கியவரை விற்றால், வாங்கிய விலையில் இன்னும் கழியாத பகுதியைக் கழிக்க வேண்டும். அதனால் இப்போது வீட்டுப் பிள்ளையை விற்றுத்தான் வெளி நட்சத்திரத்தை வாங்குகிறார்கள். செல்ஸி மேசன் மவுண்டையும் கானர் கல்லகரையும் விற்றது, ஆர்சனல் ஸ்மித் ரோவை விற்றது. நீங்கள் வாங்கச் சொல்லிக் கூச்சல் போடும் நட்சத்திரத்தின் விலையில் ஒரு பங்கு, நீங்கள் ஏளனம் செய்யும் அந்தப் பயிற்சியாளரின் உழைப்பு. "காசு மிச்சம் பிடிக்கிறாங்க" என்றவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

"நம்ம ஆள், அது போதும்" என்ற கூட்டத்துக்கும் சொல்கிறேன். நன்றாக ஆடியவர் எல்லாரும் நன்றாகக் கற்பிப்பார் என்று எந்தச் சட்டமும் இல்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் எல்லாம் கணக்கு வாத்தியாராகிவிட முடியுமா? தனக்குச் சுலபமாக வந்தது இன்னொருவனுக்கு ஏன் வரவில்லை என்று உட்கார்ந்து பார்க்கிற பொறுமைதான் வாத்தியார் வேலை. பழைய பாசத்தைத் தகுதியாக எண்ணாதீர்கள். அது அந்த மனிதருக்கும் நல்லதல்ல. முதல் தோல்வியிலேயே அந்தப் பாசம் வசையாக மாறுவதை நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

இந்தக் கிழவனுக்குப் பந்து விஷயத்தில் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். "நூறு சதவீதத் தேர்ச்சி" என்ற பலகை பிள்ளைகளை என்ன செய்தது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு ஆசிரியருக்குப் பொன்னாடை. ஒன்றாம் வகுப்பில் கை பிடித்து 'அ' எழுத வைத்த டீச்சருக்கு மேடையில் நாற்காலிகூடக் கிடையாது. பலகையில் எண் குறையக் கூடாது என்பதற்காக, மெதுவாகப் படிக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிய பள்ளிகளையும் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று எந்தப் பலகையும் சொல்லாது.

கால்பந்திலும் அதேதான். பயிற்சிப் பள்ளிக்கு வருகிற பையன்களில் பெரும்பாலோர் 16 வயதிலோ 18 வயதிலோ "நீ வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்கிறார்கள். அந்தச் சொல்லை அவனிடம் யார் சொல்கிறார், எப்படிச் சொல்கிறார், அதற்கு முன் படிப்பைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டாரா? பயிற்சியாளரின் உண்மையான பரீட்சை இதுதான். உங்கள் கப் கணக்கில் இதற்கு ஒரு கட்டம் உண்டா?

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்துக்கும், 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கத்துக்கும் கொண்டுபோன ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் 1963இல் இறந்தார். அதன்பின் ஆசியப் போட்டியில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிடைக்கவே இல்லை. நட்சத்திரத்துக்கு ஏங்கினோம், வாத்தியார்களை வளர்க்கவில்லை.

ஆகவே, தம்பிகளே, அடுத்த முறை இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இவர் கையில் போன பையன்கள் முன்னைவிட நன்றாக ஆடினார்களா? எத்தனை பேர் மேலே போனார்கள்? மேலே போகாதவர்கள் இவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? மூன்றுக்கும் பதில் தெரிய வருடங்கள் ஆகும். அதுவரை வாயை மூடிக்கொண்டு ஆட்டத்தைப் பாருங்கள். 16 வயதுப் பையன் ஒரு பந்தைத் தவறவிட்டதற்கு அவன் பக்கத்தில் போய் அசிங்கமாக எழுதாதீர்கள். அவன் அதைப் படிக்கிறான், அவன் அம்மாவும் படிக்கிறாள்.

உங்கள் ஊர் மைதானத்தில் விசிலோடு நிற்கும் பி.டி. மாஸ்டர் ஒருவர் இருப்பார். உங்கள் பிள்ளை அவரிடம்தான் ஓடக் கற்கிறான். அவர் பெயர் என்ன என்று நாளைக்குப் போய்க் கேட்டு வாருங்கள்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே எழுதலாம். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினால் பதில் சொல்வேன்.