உருமிச் சத்தமும் ராக் பாட்டும்



போன மாதச் சுவரிதழில் 'எனக்குப் பிடித்த பாடல்' என்று ஒன்பது பேர் எழுதியிருந்தீர்கள். ஒன்பதுமே சினிமாப் பாட்டு! தப்பு இல்லை. நானும் காலையில் திருமங்கலத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் அதைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறேன் (டிரைவர் அண்ணன் வேற எதையும் போட மாட்டார்). ஆனா சினிமாவுக்கு வெளியேயும் தமிழர்கள் ராக், பாப், ராப் என்று கலக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத விஷயம் எங்க தாத்தாவிடம் போய் நின்றுவிட்டது. பொறுத்துக்கொண்டு படிங்க.

முதலில் யோகி பி. மலேசியத் தமிழர். 2006-இல் 'யோகி பி அண்ட் நட்சத்ரா' என்ற குழுவாக 'வல்லவன்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். அதில் 'மடை திறந்து' பாட்டு இருக்கே, அது 1980-இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டை எடுத்து அதுமேல் ராப் பாடியது. எங்க சித்தப்பா காலேஜ் படிக்கும்போது புளூடூத்தில் வாங்கி போனில் வைத்திருந்தாராம். அவர் போட்டுக் காட்டித்தான் எனக்கே தெரியும். ராப் பாட்டில் எப்பப் பார்த்தாலும் 'நான்தான் பெரிய ஆளு' என்று மார் தட்டுவார்கள், அது எனக்குக் கொஞ்சம் சலிப்பு. ஆனா நம்ம தமிழ் இத்தனை வேகத்தில் உருளும் என்று அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் நம்பினேன்.

அடுத்தது எம்.ஐ.ஏ. உண்மைப் பேர் மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, சின்ன வயசில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் காரணமாக அகதியாகத் திரும்பவும் லண்டன் போனவர். 2005-இல் அவர் போட்ட முதல் ஆல்பத்துக்கு அப்பா பேரில் 'அருளர்', 2007-இல் போட்ட இரண்டாவதுக்கு அம்மா பேரில் 'கலா'. வெள்ளைக்காரர்கள் எல்லாரும் நம்ம ஊர்ப் பேரைச் சொல்லித்தானே கடையில் அந்த சிடியை வாங்கியிருப்பார்கள்! 'பேப்பர் பிளேன்ஸ்' எல்லாருக்கும் தெரியும், 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் வரும். அதில் வருகிற கிடார் 'தி கிளாஷ்' என்ற இங்கிலாந்து ராக் குழு 1982-இல் போட்ட பாட்டில் இருந்து எடுத்தது. ஆனா நான் சொல்ல வந்தது 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டை. அதே 'கலா' ஆல்பம்தான். ஹெட்செட்டில் போட்டேன். முதல் சில நொடியிலேயே கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. உருமி! நம்ம உருமி! அந்த ஆல்பத்துக்காக அவர் சென்னை வந்து நம்ம மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்.

உருமி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் ஒடுங்கிய உடுக்கை மாதிரி, ஆனா பெரிசு. இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கம் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு பக்கம் எண்ணெய் தடவி, வளைந்த குச்சியால் தேய்த்து இழுப்பார்கள். அந்த இழுப்பில்தான் 'உர்ர்ர்ம்' என்று மாடு உறுமுகிற மாதிரி சத்தம் வரும். கோயில் திருவிழாவில் சாமி இறங்குவது அந்தச் சத்தத்துக்குத்தான். துக்க வீட்டிலும் அதே சத்தம்தான்.

இப்ப விஷயத்துக்கு வருகிறேன். எங்க தாத்தா உருமி வாசிப்பவர். ஐம்பது வருசத்துக்கு மேல வாசிச்சிருக்கார். இதை இந்தப் பள்ளியில் நான் யாரிடமும் சொன்னதில்லை. வேற பள்ளியில் எட்டாவது படிக்கும்போது ஒருத்தனிடம் சொன்னேன். மறுநாளில் இருந்து நான் வகுப்புக்குள் நுழைந்தால் டெஸ்க்கில் சாவுமேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். ஆசிரியரும் சிரித்தார். அதில் இருந்து திருவிழாவில் தாத்தா வாசிக்கிற பக்கமே நான் போவதில்லை. அவர் கூப்பிட்டால் 'படிக்கணும்' என்பேன். லண்டன்காரப் பெண் பாட்டில் வந்தால் சிலிர்க்குது, தாத்தா தோளில் தொங்கினால் கூச்சமா இருக்குது. இது என்ன நியாயம் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பதில் வரவில்லை.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானா, ராப், ராக் எல்லாம் கலந்து, எலெக்ட்ரிக் கிடார் பக்கத்திலேயே பறை நிற்கும். பின்னால இல்லை, பக்கத்தில்! அதைக் கவனியுங்கள். அந்தக் குழுவில் பாடிய இசைவாணியின் பேர் 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தது. நம்ம பக்கத்து சிவகங்கை மாவட்டத்துச் சின்னப்பொண்ணு அக்காவும் 2011-இல் கோக் ஸ்டுடியோ நிகழ்ச்சியில் கைலாஷ் கேர் கூடச் சேர்ந்து பாடினார். 'நாக்க முக்க' மட்டும் தெரிந்தவர்கள் அதையும் தேடிக் கேளுங்க.

'எஞ்சாய் எஞ்சாமி' பற்றி நான் சொல்லவே வேண்டாம், 2021-இல் தெருவுக்குத் தெரு ஓடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையில் இருந்து அறிவு எழுதிய பாட்டு. அவரும் தீயும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் இசை. அதே வருசம் ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை அட்டைப்படத்தில் அறிவைக் காணோம். சத்தம் வந்த பிறகுதான் இணையத்தில் அவருக்குத் தனி அட்டை போட்டார்கள். உலகமே கேட்ட பாட்டுக்கே இந்த நிலைமை என்றால், உருமி அடிக்கிறவர் பேரை யார் போடுவார்?

எங்க ஊர்த் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். நூறு ரூபாய் நன்கொடை கொடுத்தவர் பேர் இருக்கு. ரேடியோ செட் போட்டவர் பேர் இருக்கு. மேளத்துக்கு மட்டும் 'உருமி மேளம்' என்று இரண்டே வார்த்தை. சரி, ஊரை விடுங்க. நம்ம பள்ளியின் போன வருச ஆண்டு விழா அழைப்பிதழைப் பாருங்கள். பாடினவர்கள், ஆடினவர்கள், நன்றி சொன்னவர் வரைக்கும் பேர் இருக்கு. வரவேற்பில் பறை அடித்த நான்கு பேருக்கு 'குழுவினர்' என்று போட்டிருக்கு.

இந்த வருச அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். தலைமையாசிரியர் ஐயாவிடமும் விழாக் குழு ஆசிரியர்களிடமும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த நான்கு பேர் பேரையும் போடுங்க. அதோட ராக் பாட்டு பாடுகிற பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள் இந்தத் தடவை கிடார், கீபோர்டு கூட ஒரு பறையையும் சேர்த்துப் பாருங்கள். 'தாளம் ஒத்துவராது'ன்னு ஒரு அண்ணன் சொன்னார். ஒத்திகையே பார்க்காமல் எப்படிச் சொல்லலாம்?

எங்க தாத்தா பேரை நான் இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டேன். 'நான் வாசிக்கிற எடத்துல போடு, வாசிக்காத எடத்துல எதுக்கு?' என்றுவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் காதில் ஹெட்செட்டை மாட்டி 'பேர்ட் ஃப்ளூ' போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசும் கேட்டார். பாட்டு யாருது, என்ன பாஷை என்று ஒன்றுமே கேட்கவில்லை. "அடிக்கிறவன் இளவட்டம்டா, அவசரப்படுறான். இழுக்குறவன் நல்ல கையி. எந்த ஊர்க்காரன்னு கேட்டுச் சொல்லு" என்றார். நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

— பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்