300 என்ற எண் மட்டும் போதுமா?

"புகைப்படம் 300 டி.பி.ஐ. இருக்க வேண்டும்." போட்டி அறிவிப்புகளில் இப்படி ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். அது அரைகுறை நிபந்தனை என்பது என் கருத்து. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் சரி, எத்தனை அங்குலத்துக்கு? அதைச் சொல்லவில்லையே!

படத்தில் உண்மையில் இருப்பவை பிக்சல் என்னும் வண்ணப் புள்ளிகளே. 3000 பிக்சல் அகலமுள்ள படத்தை 10 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 300. 30 அங்குலத்தில் அச்சிட்டால் 100. பிக்சல் எண்ணிக்கையைத் தொடாமல் கணினியில் 100 என்பதை 300 என்று மாற்றினால் புதிதாக ஒரு புள்ளிகூடப் பிறக்காது. அச்சின் அளவுதான் சுருங்கும்.

இந்த 300 எங்கிருந்து வந்தது? நம் கண்ணிலிருந்து. நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குவரைதான் பிரித்தறியும். புத்தகம் படிக்கும் 30 செ.மீ. தூரத்தில் அது ஏறத்தாழ 0.087 மி.மீ. ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ., இதைப் போல் எத்தனை மடங்கு? வகுத்துப் பாருங்கள், சுமார் 290. காமராசர் சாலையில் 30 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் விளம்பரப் பலகைக்கு அங்குலத்துக்கு மூன்று புள்ளிகளே போதும்!

பலகை மங்கினால் யாருக்கும் நட்டமில்லை. ஓலைச்சுவடி அப்படியல்ல. நம் புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முதலிய இடங்களில் உள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழி நூல்கள். பூச்சியும் ஈரக்காற்றும் எந்த ஓலையையும் விட்டுவைப்பதில்லை. ஓலை பொடிந்தபின் படமே மூலம்.

கணக்குப் போடுவோம். 40 செ.மீ. ஓலையை 4000 பிக்சல் நீளத்தில் படமெடுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.1 மி.மீ. எழுத்தாணிக் கீறல் 0.2 மி.மீ. என்று கொண்டால் அதற்கு இரண்டே பிக்சல், மயிரிழையில் தப்பும். அந்தப் படத்தைக் கைப்பேசியில் அனுப்பும்போது 1600 பிக்சலாகச் சுருங்கினால்? ஒரு பிக்சல் 0.25 மி.மீ. கீறல் அதைவிட மெலிது! பிறகு பெரிதாக்கச் சொன்னால் மென்பொருள் இடைப் புள்ளிகளை ஊகித்து நிரப்பும். அது எழுத்தின் சுழியா, பூச்சி அரித்த துளையா என்பது அதற்கு எப்படித் தெரியும்?

உங்கள் வீட்டுப் பரணிலும் சுவடியோ பழைய பத்திரமோ இருக்கலாம். படமெடுத்ததும் திரையில் பெரிதாக்கி, மிக மெல்லிய கோட்டுக்கு எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். மூன்றுக்குக் குறைந்தால் பகுதி பகுதியாக, ஓரங்கள் சற்று ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுங்கள். பக்கத்தில் மறவாமல் ஓர் அளவுகோலை வையுங்கள்.